பழைய மின்சாரக் கார்: பேட்டரியைப் பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வி (கோவை): 2021 டாடா நெக்ஸான் இவி (மின்சாரக் கார்), 30.2 யூனிட் பேட்டரி, 62,000 கி.மீ. ஓடியிருக்கு. ஃபுல் சார்ஜில் 250 கி.மீ. காட்டுது. பேட்டரி நல்லா இருக்குன்னு நம்பலாமா சார்?

பதில்: அந்த 250-ஐ நம்பாதீங்க. கடைசியாக எப்படி ஓட்டினார்களோ அதை வைத்துப் போடும் கணக்கு அது. ஊருக்குள் மெதுவாக உருட்டினால் ஏறும், பைபாஸில் ஏசி போட்டு 100-ல் போனால் இறங்கும்.

உள்ளே போகும் யூனிட்டை அளங்க. முதலில் ஒரு முறை 100% ஏற்றச் சொல்லுங்க. இது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, ரொம்ப நாள் முழுசாக ஏற்றாமல் விட்டால் சதவீதமே தப்பாகக் காட்டும். பிறகு 20% வரை ஓட்டி இறக்கி, 15 ஆம்பியர் பிளக்கில் எனர்ஜி மீட்டர் வைத்து ஏற்றுங்க. ஒன்பது மணி நேரம் ஆகும். 100 காட்டியதும் பிடுங்காதீங்க, தானாக நிற்கட்டும்.

புதுப் பேட்டரியில் அந்த 80%-க்கு 24.2 யூனிட் உள்ளே போகணும். சார்ஜரில் சூடாகப் போவது 10-15%. ஆக மீட்டரில் 27, 28 வரும். இந்த வயசுக்கு 24, 25 வந்தால் நல்ல வண்டி. 22-க்குக் கீழே என்றால் கொள்ளளவு 80%-ஐ ஒட்டி வந்துவிட்டது. அதற்கேற்ற விலை பேசுங்க.

கேள்வி (கோவை): ராத்திரி முழுக்க வண்டியை விட மாட்டேங்கிறார்.

பதில்: ஃபாஸ்ட் சார்ஜருக்குக் கூட்டிப்போங்க. 20-லிருந்து 80% வரை ஏற்றி, திரையில் வரும் யூனிட்டை 18.1-உடன் ஒப்பிடுங்க. துல்லியம் குறைவுதான், ஆனால் மோசமான வண்டி இதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (சென்னை): வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் சொருகிப் படிக்கிற ஸ்கேனரில் எஸ்ஓஹெச் (பேட்டரியின் ஆரோக்கிய அளவு) 98% வருது. போதாதா?

பதில்: அதுவும் வண்டியின் கணினி போடும் மதிப்பீடுதான். ஸ்கேனர் கையில் இருந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பாருங்க. எல்எஃப்பி செல்கள் நடுச் சார்ஜில் எல்லாமே 3.3 வோல்ட் பக்கம்தான் நிற்கும். நல்ல செல்லும் நோஞ்சான் செல்லும் ஒரே மாதிரி தெரியும். 15%-க்குக் கீழே இறக்கி, ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்துப் பாருங்க. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அது பலவீனமான செல். எல்லாம் தொடராக இணைந்திருப்பதால், அந்த ஒன்று காலியானதும் வண்டி நின்றுவிடும். 14%-லிருந்து திடீரென 6%-க்குத் தாவுகிற வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, 2012 நிசான் லீஃப் ஒண்டு பாத்தனான். பேட்டரி கொள்ளளவைக் காட்டுற 12 பாரும் (திரையில வாற கட்டங்கள்) இருக்கு. எடுக்கலாமோ?

பதில்: 12 பாரும் இருப்பதுதான் சந்தேகம்! லீஃபில் கொள்ளளவு 15% குறைந்ததும் முதல் பார் விழும். அதன்பின் ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு ஒன்று. திரவக் குளிரூட்டல் இல்லாத பேட்டரி, அதுவும் நம் வெயிலில். இத்தனை வருஷம் 15% கூடக் குறையாமல் இருக்காது. பேட்டரி கணினியை ரீசெட் செய்தால் பார்கள் திரும்பி வரும், சில வாரம் ஓடியதும் மறுபடி விழும். பேட்டரியையே மாற்றியிருந்தால் பில் காட்டச் சொல்லுங்கோ. இல்லாவிட்டால் ஃபுல் சார்ஜில் எடுத்து, 60 வேகத்தில் சீராக 20% வரை ஓட்டுங்கோ. 24 யூனிட் பேட்டரி புதிதாக இருந்தபோது 100 கி.மீ. தாண்டும். 55, 60 தான் வந்தால் பாதிதான் மிச்சம்.

கேள்வி (வேளச்சேரி): 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்று சொல்லும் ஐபி67 தரம் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கான சோதனைதான். ரெண்டு நாள் தண்ணீரில் கிடந்ததற்கு அது பதில் சொல்லாது. இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேளுங்க. லிஃப்டில் ஏற்றி பேட்டரி பேக்கின் விளிம்பு சீல், ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் கனெக்டர், போல்ட்டுகளில் துரு பாருங்க. அப்படியே ஸ்பீட் பிரேக்கரில் அடிவாங்கிய நசுங்கல், கூலண்ட் கசிவும் பார்த்துவிடலாம். சர்வீஸ் சென்டரில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் (மின்சாரம் பாடிக்குக் கசியாமல் தடுக்கும் அளவு) அளக்கச் சொல்லுங்க. மழைக்காலத்தில் மட்டும் பிழை வருகிற வண்டி இதில் மாட்டும்.

கேள்வி (திருச்சி): 8 வருஷ வாரண்டி இருக்கே, அப்புறம் ஏன் இவ்வளவு சோதனை?

பதில்: எட்டு வருஷமோ 1.6 லட்சம் கி.மீ.யோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். நாள் கணக்கு நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல, வண்டி முதலில் விற்ற தேதியிலிருந்து. எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், இரண்டாவது உரிமையாளருக்குப் பொருந்துமா என்பதை வாரண்டி புத்தகத்தில் படிங்க. சில திட்டங்கள் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்க.