அமெரிக்க அதிபர் தேர்தலில் இரு கட்சியினரும் மற்றவரைப் பொய்யர் என்கிறார்கள். யார் சொல்வது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யாரை நம்புவது என்று ஆளைத் தேடப் போனால் ஏதாவது ஓர் அணியில்தான் போய் நிற்பீர்கள். ஆளை விட்டுவிட்டு, சொன்ன விஷயத்தைப் பாருங்கள்.

கருக்கலைப்புக்கு எவ்வளவு கட்டுப்பாடு, பணக்காரர்களுக்கு எவ்வளவு வரி, எல்லையில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதெல்லாம் கொள்கை. இதில் மாறுபடுகிறவர் பொய்யர் அல்ல. "இந்த இறக்குமதி வரியால் விலை ஏறும்" என்பது கணிப்பு. அது பலிக்காமல் போகலாம், அதனாலும் பொய்யாகிவிடாது. பொய் என்று சொல்ல வேண்டுமானால் சரிபார்க்கக்கூடிய ஒன்று வேண்டும்: அவர் என்ன பேசினார், எத்தனை வாக்கு விழுந்தது, அந்த ஊரில் என்ன நடந்தது. இந்த மூன்றாவது வகையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் வெட்டி ஒட்டிய பேச்சு. வாட்ஸப்பில் பத்து வினாடி கிளிப் வந்தால், முழு உரையைத் தேடி எடுத்து, அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் முன்பிலிருந்து ஒரு நிமிடம் பின்பு வரை கேளுங்கள். வாக்கியத்தில் "அது", "அவர்கள்" என்று வந்தால் எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குட்டு அங்கேதான் உடையும்.

2012 ஜூலை 13 அன்று வர்ஜீனியாவின் ரோனோக்கில் ஒபாமா பேசியது: "யாரோ சாலைகளிலும் பாலங்களிலும் முதலீடு செய்தார்கள். உங்களுக்கு ஒரு தொழில் இருக்கிறதென்றால், அதை நீங்கள் கட்டவில்லை." முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டால், தொழில் நடத்துகிறவனைப் பார்த்து "உன் கடையை நீ கட்டவில்லை" என்று சொன்ன மாதிரி ஆகிறது. குடியரசுக் கட்சி அப்படித்தான் விளம்பரம் செய்தது. அதே ஆண்டு ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில், குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த மிட் ராம்னி, காப்பீட்டு நிறுவனம் சரியில்லை என்றால் அதை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று விளக்கிவிட்டு, "எனக்குச் சேவை தருகிறவர்களை நீக்க முடிவது எனக்குப் பிடிக்கும்" என்றார். எதிரணி பரப்பியது "ஆட்களை வேலையை விட்டு நீக்குவது எனக்குப் பிடிக்கும்" என்பதை. இரண்டிலும் கத்தரிக்கோல் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. 2011 நவம்பரில் ராம்னி தரப்பு வெளியிட்ட விளம்பரத்தில் ஒபாமாவின் குரல், "பொருளாதாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தோற்றுவிடுவோம்" என்கிறது. குரல் அவருடையதுதான். ஆனால் 2008-ல் எதிராளி மெக்கெய்னின் தரப்பு அப்படிச் சொன்னதாக அவர் மேற்கோள் காட்டிப் பேசிய இடம் அது. "மெக்கெய்ன் தரப்பு சொன்னது" என்ற பகுதியை மட்டும் நீக்கியிருந்தார்கள். ஆகவே குரல் உண்மையா, வீடியோ போலியா என்று சோதித்தால் மட்டும் போதாது.

அடுத்தது வாக்கு எண்ணிக்கை. நம்மவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். இந்தியாவில் ஒரே தேர்தல் ஆணையம் நாடு முழுவதற்கும் முடிவை அறிவிக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. எண்ணுவது கவுன்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) நகராட்சிகளும். அன்றிரவு "வென்றார்" என்று டிவியில் ஓடுவது அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் கணிப்பு. மாநிலங்கள் சான்றளிக்கும்போதுதான் அது அதிகாரப்பூர்வ முடிவு ஆகிறது, அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

2020-ல் "இரவு முன்னிலையில் இருந்த டிரம்ப் பிறகு எப்படிப் பின்தங்கினார்?" என்ற கேள்விக்கு விடை உறை பிரிக்கும் சட்டத்தில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் வாக்கு உறையைத் தொடக்கூடாது. வெளி உறையில் கையெழுத்தைப் பார்க்க வேண்டும், பிரிக்க வேண்டும், உள்ளே ரகசிய உறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் (இல்லையென்றால் அந்த வாக்கு செல்லாது), மடித்த சீட்டை நீவி நேராக்கி ஸ்கேனரில் விட வேண்டும். இப்படி 26 லட்சத்துக்கு மேல் உறைகள். டிரம்ப் தபால் வாக்கை நம்ப வேண்டாம் என்று பல மாதங்கள் பேசியிருந்ததால், அவருடைய ஆதரவாளர்கள் நேரில் போனார்கள், பைடன் ஆதரவாளர்கள் தபாலில் போட்டார்கள். கடைசியில் எண்ணப்பட்டது எது என்று சொல்லத் தேவையில்லை. விஸ்கான்சினிலும் அதே தடை. மில்வாக்கி நகரம் ஏறக்குறைய 1,70,000 தபால் வாக்குகளை விடிகாலையில் ஒரே மூட்டையாக அறிவித்தது. வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறியதற்குக் காரணம் அதுதான். அரிசோனாவில் இது தலைகீழாக நடந்தது. முன்கூட்டியே வந்த வாக்குகள் முதலில் அறிவிக்கப்பட்டதால் பைடன் பெரிய முன்னிலையில் தொடங்கி, நாளுக்கு நாள் தேய்ந்து 10,457 வாக்கில் நின்றார். அதை மோசடி என்று ஜனநாயகக் கட்சியினர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தவறாகத்தான் இருந்திருக்கும்.

எனவே அடுத்த முறை தேர்தலுக்கு முன்பே, இழுபறி மாநிலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: உறையை எப்போதிலிருந்து பிரிக்கலாம், தபால் வாக்கு முதலில் அறிவிக்கப்படுமா, கடைசியிலா. அன்றிரவு சதவீதத்தைப் பார்ப்பதைவிட, எண்ணாத வாக்கு எந்தக் கவுன்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

தவறே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. மிச்சிகனின் ஆன்ட்ரிம் கவுன்டியைப் பாருங்கள். காலங்காலமாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் ஊர். 2020-ல் அங்கே பைடன் மூவாயிரத்துக்கும் மேல் முன்னிலை என்று முதல் அறிவிப்பு வந்தது. நடந்தது இதுதான்: அக்டோபரில் சில டவுன்ஷிப்புகளின் (கவுன்டிக்குள் இருக்கும் சிறு பகுதிகள்) வாக்குச்சீட்டில் உள்ளூர்ப் போட்டி தொடர்பாக மாற்றம் செய்தார்கள். புதிய சீட்டுக்கேற்ப எல்லா இயந்திரங்களின் மெமரி கார்டையும் மாற்றியிருக்க வேண்டும், சிலவற்றை மாற்றவில்லை. கவுன்டி கணினியில் சேர்க்கும்போது வரிசை தப்பி, ஒருவருக்கு விழுந்த எண் இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய் உட்கார்ந்தது. இயந்திரம் அச்சிட்ட காகித நாடாவில் கணக்கு சரியாகவே இருந்தது. பிழை செய்த அலுவலகத்தின் தலைவரே குடியரசுக் கட்சிக்காரர். சில நாட்களில் திருத்தினார்கள். டிசம்பர் 17 அன்று சீட்டுகளைக் கையால் எண்ணியபோது டிரம்ப் 9,759, பைடன் 5,959. சான்றளித்த கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 12 வாக்கு. காகிதம் இருந்ததால் தவறு எது, திருத்தம் எது என்று யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. ஆனால் முதல் அறிவிப்பின் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் இன்றும் சுற்றுகிறது.

ஜார்ஜியாவில் ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணினார்கள். ஃபிளாய்ட் கவுன்டியில் எண்ணாமல் விடுபட்ட சுமார் 2,600 சீட்டுகள் அப்போதுதான் கிடைத்தன, அவற்றில் டிரம்புக்கே அதிகம். தணிக்கை என்றால் இப்படித்தான், நிஜமான பிழையைக் கண்டுபிடிக்கும். பிறகு நடந்த மறு எண்ணிக்கையில் பைடனின் முன்னிலை 11,779 என்று நின்றது. 2021 ஜனவரி 2 அன்று மாநிலத்தில் தேர்தலுக்குப் பொறுப்பான செயலர், குடியரசுக் கட்சிக்காரரான பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்கு கண்டுபிடிக்க வேண்டும் என்று டிரம்ப் கேட்ட எண் இதிலிருந்து வந்ததுதான். தன் கட்சி அதிபரிடம் அவர் சொன்ன பதில், உங்களிடம் இருக்கும் தரவு தவறு என்பது.

ஒருவரின் நேர்மையை அளக்க எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல் இதுதான்: சொந்த அணிக்குப் பாதகமான உண்மையை, இழப்பு உண்டு என்று தெரிந்தும், தேர்தலுக்கு முன்போ சூடு ஆறுவதற்கு முன்போ சொன்னாரா? குடியரசுக் கட்சி எம்.பி. லிஸ் சேனி, 2020 தேர்தல் திருடப்படவில்லை என்று சொன்னார், 2022-ல் வயோமிங்கில் கட்சியின் உட்தேர்தலில் படுதோல்வி அடைந்தார். ஜனநாயகக் கட்சியில் பைடனுக்கு வயது தடையாக இருக்கிறது என்று அக்கட்சி எம்.பி. டீன் ஃபிலிப்ஸ் வெளிப்படையாகச் சொல்லி 2024 உட்தேர்தலில் நின்றார், கட்சி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜூன் 27 விவாதத்தை நாடே பார்த்த பிறகு, ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகினார். அந்த விவாதம் வரை "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்த தலைவர்கள் வாக்காளர்களிடம் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஹைட்டியிலிருந்து வந்தவர்கள் ஓஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ப்புப் பிராணிகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் விவாத மேடையில் சொன்னபோது, ஆதாரம் இல்லை என்று மறுத்தவர்களில் அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சி ஆளுநர் மைக் டிவைனும் ஒருவர்.

இரு பக்கமும் தவறு உண்டு என்பதால் இரண்டும் சம எடை என்று எழுதுவதும் பொய்தான். 2001, 2005, 2017-ல் ஜனநாயகக் கட்சி எம்.பி.க்கள் சிலர் தேர்வர் வாக்குகளை (அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் வாக்குகள்) எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆனால் தோற்ற அல் கோர், ஜான் கெர்ரி, ஹிலாரி மூவரும் அதற்கு முன்பே தோல்வியை ஏற்றிருந்தார்கள். 2021 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 147 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், அதுவும் தோற்ற வேட்பாளர் தோல்வியை ஏற்காத நிலையில், 60-க்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய அனைத்தும் தோற்ற பிறகு.

கடைசியாக, அமெரிக்காவில் இருக்கும் உங்கள் உறவினரோ நண்பரோ ஒரு பக்கம் சாய்ந்து பேசினால் உடனே பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். 2017-ல் ஓர் ஆய்வில் ஒபாமா, டிரம்ப் பதவியேற்பு விழாக்களின் படங்களைக் காட்டி, எதில் கூட்டம் அதிகம் என்று மட்டும் கேட்டார்கள். வெறும் கண்ணுக்கே தெரியும் விஷயம். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் 15 சதவீதம் பேர் தவறான படத்தைக் காட்டினார்கள், ஹிலாரிக்கு வாக்களித்தவர்களில் 2 சதவீதம். கண் தெரியாமல் அல்ல, அணிக்காகச் சொன்ன பதில். வேறு ஆய்வுகளில், சரியான விடைக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னதும் இரு கட்சியினரின் விடைகளும் நெருங்கி வந்தன. "தெரியாது" என்பதற்கும் கொஞ்சம் பணம் என்றதும் இன்னும் நெருங்கின. அதனால் "நீ சொல்வது தவறு" என்று தொடங்காமல், "எந்தக் கவுன்டி, எத்தனை வாக்கு, பந்தயம் கட்டுகிறாயா?" என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அதைக் குத்திக் காட்டாமல் விட்டுவிடுங்கள்.