இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று போகும் பாதை) மாற்றினால் கார் வேகமாகப் போகுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உட்லண்ட்ஸ் வாசகர்: அண்ணே, என் டொயோட்டா ஜிஆர்86க்கு ஓபன் பாட் ஃபில்டர் (மூடிய பெட்டியில்லாத காற்று வடிகட்டி) போடலாம் என்று இருக்கிறேன். 15 குதிரைத்திறன் கூடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

நம்பாதீர்கள், தம்பி. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். உங்கள் காரின் திறன் ஏறத்தாழ 230. அதில் 15 கூட வேண்டுமென்றால், இன்ஜினுக்குள் போகும் காற்று 6 விழுக்காட்டுக்கு மேல் அதிகரிக்க வேண்டும். அந்த அளவுக்குக் கம்பெனி ஏர்பாக்ஸ் (ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) இப்போது காற்றை அடைத்துக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். வெளியே காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஃபில்டர் சுத்தமாக இருந்தால், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் நல்ல ஏர்பாக்ஸில் பெரும்பாலும் ஓரிரு கிலோபாஸ்கல்தான் இழப்பு. அதை முழுசாக மீட்டாலும் நாலைந்து குதிரைத்திறன் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்து சூடு. நம் சிங்கப்பூரில் இதுதான் பெரிய விஷயம். உங்கள் காரின் கம்பெனிக் குழாய், ரேடியேட்டருக்கு மேலே முன்விளிம்பிலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. மூடி இல்லாத பாட் ஃபில்டர் பானெட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றை இழுக்கும். காற்றின் வெப்பம் 3 டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 1 விழுக்காடு குறையும். நிழலிலேயே 32 டிகிரி அடிக்கும் ஊரில், மாலை நேர சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு, சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி ரீடரைச் செருகிப் பாருங்கள். இன்டேக் காற்று வெளிவெப்பத்தைவிட 20 டிகிரி மேலே நிற்பது சாதாரணம். அங்கேயே 6 விழுக்காடு போய்விட்டது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம்) வேறு உங்கள் இன்ஜினில் 12.5க்கு 1, அது அதிகம். சூடான காற்றில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வராமலிருக்க ஈசியு, அதாவது இன்ஜினை இயக்கும் கணினி, இக்னிஷன் நேரத்தைத் தள்ளிப்போடும், அதிலும் கொஞ்சம் திறன் குறையும்.

பிறகு ஏன் போட்டவர்கள் எல்லாம் கார் பறக்கிறது என்கிறார்கள்? சத்தம்தான். கம்பெனிப் பெட்டியில் உறுமலை அடக்குவதற்கென்றே சிறு அறைகள் உண்டு. அவற்றைக் கழற்றியதும் இன்ஜின் காதருகே கத்துகிறது, மனசுக்கு வேகமாகத் தெரிகிறது. அந்தச் சத்தம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். அதற்காகப் போடுகிறேன் என்றால் முன்பக்கக் காற்றை இழுக்கும், மூடிய பெட்டியுள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் டைனோ (காரின் திறனை அளக்கும் கருவி) தாளைக் காட்டினால் ஒன்று கேளுங்கள்: ஓட்டும்போது பானெட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? பானெட்டைத் திறந்து எதிரே பெரிய விசிறியை வைத்து எடுத்த எண் சாலையில் வராது. ஒரே காரை அடுத்தடுத்து ஓட்டினாலே ஓரிரு விழுக்காடு வித்தியாசம் வரும், அதையும் மறக்காதீர்கள்.

தெம்பனிஸ் வாசகர்: என்னுடையது டர்போ, சிவிக் டைப் ஆர். இதற்காவது பலன் உண்டா?

கொஞ்சம் உண்டு. காற்று எளிதாக வந்தால் டர்போ அதே பூஸ்ட்டை (காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் அழுத்தத்தை) குறைந்த சிரமத்தில் கொடுக்கும், சற்று சீக்கிரமும் எழும்பும். ஆனால் எவ்வளவு பூஸ்ட் என்பதை ஈசியுதான் முடிவு செய்கிறது. டியூன் செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் உச்சத் திறனில் பெரிய மாற்றம் வராது. செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர் என்றால் முதலில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கவனியுங்கள். ஒரு சுற்றே 5.5 கிலோமீட்டர். மூன்றாவது, நான்காவது சுற்றில் கார் சோர்ந்துபோகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வெப்பம்தான், குழாயின் அகலம் அல்ல.

ஈசூன் வாசகி: நல்ல ஃபில்டர் போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

ஆகாது. சாதாரண ஓட்டத்தில் காற்றைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டருக்கேற்பத் திறந்து மூடும் வால்வு), ஃபில்டர் அல்ல. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் சோதித்தபோது, நவீன கார்களில் அடைபட்ட ஃபில்டர்கூட எரிபொருள் செலவைக் கூட்டவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது.

பிடோக் வாசகர்: கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் போட்டேன். கழுவி எண்ணெய் விட்ட மறுவாரமே இன்ஜின் விளக்கு எரிகிறது.

எண்ணெய் அதிகமாகியிருக்கலாம். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதில் எண்ணெய்ப் படலம் பிடித்தால் காற்றின் அளவைத் தப்பாகச் சொல்லும், ஈசியுவும் பெட்ரோலைத் தப்பாக விடும். அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், துணியோ விரலோ படக் கூடாது. விளக்கு மறுபடி எரிந்தால் குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய குழாயில் சென்சார் உட்காரும் இடத்தின் விட்டம் கம்பெனிக் குழாயிலிருந்து மாறினாலும் இதே தொல்லை வரும்.

ஜூரோங் வாசகர்: இன்டேக் மாற்றினால் வாகனப் பரிசோதனையில் பிரச்சினை வருமா?

நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: ஒப்புதல் தேவையில்லாதவை, ஒப்புதல் பெற வேண்டியவை, அறவே கூடாதவை. டர்போ சேர்ப்பதும் எக்ஸாஸ்ட்டை மாற்றுவதும் ஒப்புதல் பெற வேண்டியவை. உங்கள் கிட் எதில் வருகிறது என்பதைக் காசு கொடுக்கும் முன்பே ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். பட்டறைக்காரர் வாய்ச்சொல்லில் "ஓகே" என்றால் போதாது, பிடிபட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள். கம்பெனி ஏர்பாக்ஸைத் தூக்கி எறியாதீர்கள், காரை விற்கும்போது கேட்பார்கள்.

புக்கிட் தீமா வாசகர்: ஃபில்டரை பம்பருக்குள் கீழே இறக்கி வைக்கும் கிட் போட்டிருக்கிறேன். மழைக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். குளிர்ந்த காற்று என்ற வகையில் அதுவே நல்ல இடம். ஆனால் 2021 ஏப்ரலில் டனர்ன் சாலையில் தேங்கியது போன்ற வெள்ளத்தில் ஃபில்டர் மூழ்கினால், இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றைப் போல் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண மழைச் சாரல் ஒன்றும் செய்யாது, தேங்கிய நீர்தான் ஆபத்து. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கை வந்தால் வேறு வழியில் போங்கள். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.