துணி விற்பவரும் நெய்தவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரபுக் கவிஞர் முதனப்பியின் சில கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்தேன். மன்னரைச் சிங்கம் என்கிறார், கடல் என்கிறார். பரிசுக்குப் பாடிய முகஸ்துதியாகவே தெரிகிறது. ஆயிரம் ஆண்டுகளாக இதை எதற்குக் கொண்டாடுகிறார்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதனப்பி பரிசுக்குப் பாடியவர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கைக்கு வந்தது பொருள் மட்டுமே. நடை வரவில்லை.

954-இல் அலெப்போவை ஆண்ட அமீர் ஸைஃபுத் தவ்லா, அல்ஹதத் கோட்டையில் பைசாந்தியப் படையை முறியடித்தார். அந்த வெற்றியை முதனப்பி பாடிய கஸீதா, அதாவது ஒரே இயைபில் செல்லும் நெடும்பாடல், இப்படித் தொடங்குகிறது:

அலா கத்ரி அஹ்லில் அஸ்மி தஃதில் அஸாயிமூ
வ தஃதீ அலா கத்ரில் கிராமில் மகாரிமூ

உறுதி உள்ளவரின் அளவுக்கே உறுதியான செயல்கள் வரும். மேலோரின் அளவுக்கே மேன்மைகள் வரும் என்பது பொருள். இரண்டு பாதிகள் சேர்ந்த ஓர் அடியை பைத் என்பார்கள். மன்னரின் பெயர் மூன்றாவது பைத்தில்தான் வருகிறது.

இதன் சந்தம் தவீல். வாய்பாடு ஃபஊலுன் மஃபாஈலுன் ஃபஊலுன் மஃபாஈலுன். நம் தமிழ் யாப்பின் கணக்கில் புளிமா, புளிமாங்காய், புளிமா, புளிமாங்காய்! ஆனால் இந்தப் பைத்தின் இரண்டு பாதியிலும் கடைசிச் சீர் மஃபாஇலுன் என்று குறுகி, கருவிளமாகிவிடுகிறது. 'அஸாயிமூ', 'மகாரிமூ' இரண்டும் அங்கேதான் விழுகின்றன. ஓடி வந்த குதிரையைக் கடிவாளம் பிடித்து நிறுத்தியது போல இருக்கும். 'அலா கத்ரி... தஃதீ' என்று முதல் பாதி போனால், 'தஃதீ அலா கத்ரி' என்று மறுபாதி திரும்பி வருகிறது. 40-க்கும் மேற்பட்ட பைத்துகள், கடைசிவரை ஒரே இயைபு, அதாவது ஒரே முடிவு ஓசை.

அதே கஸீதாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது:

'நிற்பவனுக்குச் சாவு நிச்சயம் என்ற இடத்தில் நின்றாய், உறங்கும் மரணத்தின் இமைக்குள் நிற்பவன் போல.
காயப்பட்டுத் தோற்ற வீரர்கள் உன்னைக் கடந்து போகிறார்கள். உன் முகம் ஒளிர்கிறது, உன் வாய் சிரிக்கிறது.'

இரண்டு பைத்தின் பின்பாதிகளையும் இடம் மாற்றியிருக்கலாமே என்று அமீர் குறை சொன்னதாக ஒரு கதை உண்டு. மாற்றினாலும் சந்தமும் இயைபும் தட்டாது. ஆகவே கேள்வி நியாயமானதுதான். துணி விற்பவருக்குத் துணியைத் தெரியும், நெய்தவருக்கு அதன் இழை இழையாகத் தெரியும் என்றாராம் முதனப்பி. சாவைச் சொன்னதும் அதன் இனமான மரணத்தையே பக்கத்தில் வைத்தேன். தோற்றவரின் முகம் கறுத்து, கண் கலங்கியிருக்கும், அதற்கு எதிரே உங்கள் ஒளிரும் முகத்தை வைத்தேன் என்று விளக்கினாராம்.

நான் நெய்தவர் பக்கம். மூடிய இமைக்குள் நிற்பவனைவிட மரணத்துக்கு நெருக்கமாக யாரும் நிற்க முடியாது. ஆனால் அந்தக் கண் தூங்குகிறது, அவனைப் பார்க்கவில்லை. அமீர் சொன்னபடி மாற்றினால் இந்த அச்சம் போய்விடும், வெறும் வீரம்தான் மிஞ்சும். நீங்கள் சொல்லும் முகஸ்துதி அப்போதுதான் பிறக்கும்.

அரபு ஓதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இந்த இரண்டு பைத்தையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முதலாவது 'நாயிமூ' என்று முடியும், தூங்குகிறது. அடுத்தது 'பாஸிமூ', சிரிக்கிறது.