யாகோவ் பெரெல்மானின் மகனா கிரிகோரி? ஒரே குடும்பப் பெயரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்காக 'ஒரு குடும்பம், நான்கு மேதைகள்' என்று ஒரு சுவர்ப்பலகை தயாரிக்கிறோம். 'பொழுதுபோக்கு பௌதிகம்' எழுதிய யாகோவ் பெரெல்மான், அவருடைய மகன் கணித மேதை கிரிகோரி பெரெல்மான், அவர்களுக்கு உறவினரான வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன், நோபல் பரிசு பெற்ற சால் பெர்ல்மட்டர். வாட்ஸ்அப்பில் வந்த தகவல்தான். இந்த உறவுமுறை சரியா? இல்லையென்றால் இதுபோன்றவற்றை நாங்களே எப்படிச் சரிபார்ப்பது? தமிழில் பெர்ல்மன் என்று எழுதுவதா, பெரெல்மான் என்று எழுதுவதா?
— அறிவியல் ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பலகையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்தத் தந்தை-மகன் உறவு தவறு. வயலின் கலைஞரை அவர்களோடு சேர்க்க எந்த ஆதாரமும் இல்லை. நான்காமவரின் குடும்பப் பெயரே வேறு.

முதலில் யாகோவையும் கிரிகோரியையும் பார்ப்போம். இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. கிரிகோரியின் முழுப்பெயர் கிரிகோரி யாகோவ்லெவிச் பெரெல்மான். ரஷ்யாவில் நடுப்பெயர் தந்தையின் பெயரிலிருந்து வரும். ஆகவே அவருடைய தந்தையின் பெயர் யாகோவ் பெரெல்மான் என்பது உண்மைதான். நூலாசிரியரும் யாகோவ் பெரெல்மான். இருவருமே லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரில் வாழ்ந்தவர்கள். போதாக்குறைக்கு, கிரிகோரி சின்ன வயதில் விரும்பிப் படித்தது அந்த நூலாசிரியரின் புத்தகத்தைத்தான். அதை அவருக்குக் கொடுத்தவர் அவருடைய தந்தை. 'யாகோவ் பெரெல்மான் தன் மகன் கிரிகோரிக்குக் கொடுத்த புத்தகம், யாகோவ் பெரெல்மான் எழுதியது' என்று படிக்கும் எவரும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

ஆனால் வருடத்தைப் பாருங்கள். நூலாசிரியர் யாகோவ் இசிதோரொவிச் பெரெல்மான் 1882-இல் பியாலிஸ்டாக்கில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசில் இருந்தது, இன்று போலந்தில் இருக்கிறது. படித்தது வனவியல். 'பொழுதுபோக்கு பௌதிகம்' 1913-இல் வந்தது. 1935-இல் லெனின்கிராடில் தொட்டுப் பார்த்து விளையாடும்படியான ஓர் அறிவியல் கூடம் திறக்கப்பட்டதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மன் படை நகரை முற்றுகையிட்டிருந்தபோது, 1942 மார்ச்சில், பட்டினியால் இறந்தார். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பெருங்குழிக்கு இவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிரிகோரி பிறந்தது 1966-இல். நூலாசிரியர் இறந்து 24 ஆண்டுகள் கழித்து! கிரிகோரியின் தந்தை யாகோவ் ஒரு மின்பொறியாளர். 1993-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம் ஊர் இனிஷியலோடு ஒப்பிட்டால் மாணவர்களுக்கு உடனே புரியும். சோவியத் நூல்களில் இந்த ஆசிரியரின் பெயர் 'யா. இ. பெரெல்மான்' என்று இருக்கும். அந்த 'இ' அவருடைய தந்தை இசிதோரைக் குறிக்கிறது. கணித மேதையை அதே முறையில் எழுதினால் 'கி. யா. பெரெல்மான்'. ரஷ்யப் பெயர் எதைப் பார்த்தாலும் நடுப்பெயரைத் தவறவிடாதீர்கள். ஆள் மாறாட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லை வெட்டி எறிவதால் வருகின்றன. ஆனால் நடுப்பெயர் மட்டுமே போதாது என்பதற்கும் கிரிகோரியே உதாரணம். அதோடு பிறப்பு, இறப்பு ஆண்டுகளும் கூட வரவேண்டும்.

சரி, இத்தனை பெர்ல்மன்களும் பெரெல்மான்களும் எங்கிருந்து வந்தார்கள்? கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நிலையான குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-இல் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார். ரஷ்யப் பேரரசில் 1804-ஆம் ஆண்டுச் சட்டம் அதையே செய்தது. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுக்குப் பதிவேடு வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் பெயர் எழுதும் வேலை நடந்தது. தொழில், ஊர், உடல் அடையாளம், தந்தை பெயர் என்று கையில் கிடைத்ததை வைத்து எழுதினார்கள்.

அதில் ஒரு தனி வகை, பெண்களின் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள். ரிவ்காவிலிருந்து ரிவ்கின், சாராவின் செல்லப்பெயரான சோர்காவிலிருந்து சோர்கின், துவோராவிலிருந்து துவோர்கின். ஐரோப்பாவின் பிற சமூகங்களில் இவ்வளவு தாராளமாகத் தாய்வழிப் பெயரைப் பார்ப்பது அரிது. இன்றைய பெலாரஸின் கிழக்குப் பகுதியில் இந்த வகை மிக அதிகம். பெர்ல்மனும் இதே கூட்டம்தான். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் 'பெர்ல்' என்றால் முத்து. அது பெண்களுக்கு வைக்கும் பெயராகவும் பரவலாக இருந்தது. நம்மூர் முத்தம்மாள் மாதிரி. 'மன்' என்பது இங்கே கணவன். ஆக, பெர்ல் என்ற பெண்ணின் வீட்டுக்காரர். சில குடும்பங்களுக்கு முத்து வியாபாரத்தாலோ, அழகான சொல் என்பதாலோ இதே பெயர் அமைந்திருக்கலாம் என்றும் பெயராய்வாளர்கள் சொல்வதுண்டு.

இதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பெர்ல் என்ற பெயரில் ஓர் ஊரில் நாலு பெண்கள் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்கள் எத்தனையோ. அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் தனித்தனியாக ஒரு பெர்ல்மன் குடும்பம் தொடங்கியிருக்கிறது. மூல புருஷர் ஒருவரிடமிருந்து கிளைவிட்ட வம்சம் என்று கற்பனை செய்வதற்கே இடமில்லை.

இப்போது இட்சாக் பெர்ல்மன். 1945-இல் டெல் அவிவில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து வந்தவர்கள். நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதனால்தான் இன்றும் மேடையில் உட்கார்ந்தபடியே வாசிக்கிறார். 1958-இல், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வாசித்து நாடறிந்தவரானார். கிரிகோரியும் சிறுவயதில் வயலின் கற்றவர் என்பதால் யாரோ ஒருவர் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். லெனின்கிராடில் ஒரு யூதக் குடும்பத்துப் பையன் வயலின் கற்பது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

சால் பெர்ல்மட்டர் 2011-இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். பிரபஞ்சம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று காட்டிய குழுக்களில் ஒன்றின் தலைவர். பெர்ல்மட்டர் என்பது சிப்பியின் உள்பக்கத்தில் பளபளக்கும் முத்துப்படலம். முதல் பாதி ஒன்று என்பதால் பெர்ல்மனோடு சேர்த்துவிடக் கூடாது.

சரிபார்க்கும் முறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வது இதுதான். முதலில் ஆண்டுகளையும் பிறந்த ஊரையும் இரண்டு நெடுவரிசையாக ஒரு தாளில் எழுதிவிடுவேன். பாதிக் கட்டுக்கதை அங்கேயே விழுந்துவிடும். அடுத்து பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. அது நம்பகமான வாழ்க்கை வரலாற்றிலோ நேர்காணலிலோ இருக்க வேண்டும். கடைசியாக, அந்த ஆள் பெயரை மாற்றிக்கொண்டவரா என்று பார்ப்பேன். இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு இந்தப் பெயரிலேயே அருமையான ஓர் உதாரணம் உண்டு. பேச்சு வழக்கிலிருந்து நழுவியிருந்த எபிரேயத்தை வீட்டுப் பேச்சுமொழியாக்கப் பிடிவாதமாகப் போராடிய எலியேசர் பென்-யெகூதா. 1858-இல் இன்றைய பெலாரஸில் உள்ள லூஷ்கியில் பிறந்தபோது அவர் எலியேசர் இட்சாக் பெர்ல்மன். 1881-இல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தவர், யெகூதாவின் மகன் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டார். அவருடைய தந்தையின் பெயர் யெகூதா லைப். எபிரேயத்தைத் தவிர வேறு மொழி காதில் விழாமல் வளர்த்த தன் மகனுக்கு பென்-சியோன் பென்-யெகூதா என்று பெயரிட்டார். அந்த மகன் வளர்ந்து இதாமர் பென்-அவி ஆனார். மூன்று தலைமுறைக்குள் மூன்று குடும்பப் பெயர்கள்! குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் இவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதே தெரியாது. நூலாசிரியர் யாகோவின் கதையும் இப்படித்தான். அவருடைய சொந்த அண்ணன் ஒசிப் திமோவ் என்ற புனைபெயரில் ரஷ்யனிலும் யித்திஷிலும் எழுதியவர். பலகையில் உண்மையான உறவு ஒன்று வேண்டுமென்றால் இந்த அண்ணன்-தம்பியைப் போடுங்கள்.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். ரான் பெர்ல்மன் 1950-இல் நியூயார்க்கில் பிறந்தவர், 'ஹெல்பாய்' நாயகன். ரியா பெர்ல்மன் 1948-இல் அதே நகரின் புரூக்ளினில் பிறந்தவர், 'சியர்ஸ்' தொடரில் நடித்ததற்காக நான்கு எம்மி விருதுகள் வாங்கியவர். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே வயது. அக்கா தம்பி என்று நினைப்பவர்கள் ஏராளம், இருவருக்கும் உறவில்லை. மாறாக, பையன்கள் இசைக்குழுக்களை உருவாக்கிப் பணம் குவித்து, பிறகு மோசடி வழக்கில் 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்ற லூ பெர்ல்மன், பாடகர் ஆர்ட் கார்ஃபங்கலின் ஒன்றுவிட்ட சகோதரர். பெயரை வைத்து யாரால் ஊகிக்க முடியும்?

இன்னொன்று. குடும்பப் பெயரை வைத்து ஒருவருக்கு 'யூதர்' என்று முத்திரை குத்தாதீர்கள். கலப்புத் திருமணம், மதமாற்றம், தத்து எல்லாம் நடக்கின்ற உலகம் இது. அவரே சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். எபிரேயத்தில் உயிர்க்குறிகளை வழக்கமாக எழுதுவதில்லை. ப, ர, ல, ம, ன என்று ஐந்து எழுத்து, அவ்வளவுதான். அதனால் பெர்ல்மன், பெரெல்மான் இரண்டும் எபிரேயத்தில் ஒரே மாதிரி நிற்கும். ரஷ்ய எழுத்துக்குப் போகும்போது நடுவில் ஓர் எகரம் சேர்ந்து பெரெல்மான், அமெரிக்காவில் பெர்ல்மன். பெரெல்மான் என்றால் எல்லோரும் ரஷ்யர்கள் என்றும் கொள்ள முடியாது. வாதக்கலை பற்றி 1958-இல் பெருநூல் வெளியிட்ட ஷைம் பெரெல்மான் வார்சாவில் பிறந்து பெல்ஜியத்தில் வாழ்ந்தவர். ஆகவே அவரவர் தம் பெயரை எப்படி எழுதினார்களோ அதைப் பின்பற்றுங்கள்: யாகோவ், கிரிகோரி, ஷைம் மூவரும் பெரெல்மான், இட்சாக், ரான், ரியா பெர்ல்மன். தமிழில் பெர்ல்மேன், பேர்ள்மன் என்றெல்லாம் ஏற்கெனவே அச்சில் இருக்கும். ஒருவர் பெயரையே ஒரே பலகையில் இரண்டு விதமாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பலகையைக் கைவிட வேண்டியதில்லை. தலைப்பை 'ஒரே பெயர், வெவ்வேறு குடும்பங்கள்' என்று மாற்றுங்கள். பெர்ல்மட்டரை எடுத்துவிட்டு பென்-யெகூதாவை வையுங்கள். படங்களுக்கு நடுவே போட்டிருக்கும் அம்புக்குறிகளை அழித்துவிட்டு, ஒவ்வொருவர் படத்துக்குக் கீழும் பிறந்த ஊர், ஆண்டு, தந்தை பெயர் மூன்றையும் எழுதுங்கள். கிரிகோரி படத்தின் கீழ் மட்டும் இன்னொரு வரி சேர்க்கலாம்: 2006-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும், 2010-இல் புவான்காரே அனுமானம் என்ற பழைய கணிதப் புதிரை நிறுவியதற்காக அறிவிக்கப்பட்ட 10 லட்சம் டாலரையும் வேண்டாம் என்று சொன்னவர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள்.