அர்த்தம் கேட்காத பாட்டு

அன்புள்ள மேடம்,

கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து மும்பை மாட்டுங்கா வந்து 31 வருடம் ஆகிறது. என் கணவர் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். போன வருடம் ரிட்டயர் ஆனார். அதிலிருந்து ராத்திரி பத்து மணியானால் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுப் பழைய ஹிந்திப் பாட்டு. லதா, முகேஷ், கீதா தத், எல்லாம் அழுகைப் பாட்டு. ‘வோ கௌன் தீ’ படத்து ‘லக் ஜா கலே’ வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அடுத்து ‘காகஸ் கே பூல்’ படத்தின் ‘வக்த் நே கியா’. தினமும் இந்த இரண்டும் உண்டு.

என் அப்பா போனபோதுகூடக் கண்கலங்காத மனுஷர் இவர். காலேஜில் யாராவது இருந்திருப்பாளோ? கேட்டால் சிரிக்கிறார். நான் வீட்டு விஷயம் பேசினால் ‘ம்’ மட்டும்தான். எனக்கு ஹிந்தி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். வந்த புதிதில் ஏதோ பாட்டுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார், அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன், அப்புறம் அவர் சொன்னதில்லை. அது கிடக்கட்டும். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள்? தினமும் இதேதான் மேடம். யாரை நினைத்து அழுகிறார்?

- பெயர் வெளியிட வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப் போய்விட்டீர்களே, 31 வருடமாக அதுதான் உங்கள் வீட்டில் கிடக்கிறது.

பக்கத்து வீட்டை விடுங்கள். அவருக்குச் சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் மட்டும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவு வீட்டில் நாலு பேர் முன்னால் அழத் தெரியாத ஆண்கள் நிறைய. இருட்டில் லதாவின் குரல் வரும்போது, ஏன் அழுகிறாய் என்று கேட்க ஆள் இல்லை. உங்கள் அப்பாவுக்கான கண்ணீரும் அதில் இருக்கலாம்.

‘லக் ஜா கலே’ 1964இல் மதன் மோகன் இசையில் வந்தது. என்றோ பிரிந்து போனவளுக்கான பாட்டு என்று நினைத்துவிட்டீர்கள். கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம், அணைத்துக்கொள், இந்த அழகான ராத்திரி மறுபடி வருமோ வராதோ என்று கேட்கிற பாட்டு அது. ஹாலிலிருந்து உங்கள் படுக்கையறைக்கு எத்தனை அடி?

கோபிக்காதீர்கள். காலேஜில் ஒருத்தி இருந்திருந்தால் தப்பு முழுக்க அவருடையதாகிவிடும், உங்களுக்கு அது சௌகரியம். புது ஊர், புகுந்த வீடு, அடுப்பில் குழம்பு: அன்றைக்கு எழுந்து போனதில் தப்பில்லை. அதற்குப் பிறகு ஒருநாள்கூட, ‘அன்றைக்கு என்னவோ சொல்ல வந்தீர்களே’ என்று கேட்கவில்லை பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

‘வக்த் நே கியா’ கைஃபி ஆஸ்மி எழுதியது. அதன் அர்த்தமும் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இன்று ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு அவரிடமே போய்க் கேளுங்கள்.