பதில்: ஈராக் தூசியும் கணவரின் நுரையீரலும், மறுத்த மனுவை என்ன செய்வது?

வணக்கம் சகோதரி, உங்கள் கணவர் 2007-ல் அமெரிக்க இராணுவத்தோடு ஈராக் பலாத் தளத்தில் இருந்தார், மூச்சுத்திணறலுக்காக அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையிடம் போட்ட இழப்பீட்டு மனுவை 2015-ல் மறுத்துவிட்டார்கள், இப்போது சிடி ஸ்கேனில் நுரையீரல் தழும்பு என்று வந்திருக்கிறது, இனி போராடிப் பயனில்லை என்று அவர் சொல்கிறார். தயவுசெய்து அவரை அப்படி விட்டுவிடாதீர்கள்.

2022 ஆகஸ்டில், பணியில் நச்சுப் பொருட்களுக்கு ஆளான படைவீரர்களுக்கான பேக்ட் (PACT) சட்டம் வந்த பிறகு நிலைமையே வேறு. 1990 ஆகஸ்ட் 2-க்குப் பிறகு ஈராக்கில் பணியாற்றியவருக்கு நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரல் தழும்பு, வந்தால், அந்தத் தூசியும் குப்பையைத் திறந்தவெளியில் எரித்த குழிகளின் புகையும்தான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது, அவர் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. நோயறிக்கையும், அங்கே இருந்ததற்கான பணி ஆவணமும் போதும். ஏற்கனவே மறுத்த மனு என்பதால் புதிதாக மனு போட வேண்டாம், துணை மனுவுக்கான 20-0995 படிவத்தைப் போடுங்கள். சட்டம் மாறியதே போதுமான காரணம்.

அப்புறம், ஸ்கேனோடு நிற்காமல் நுரையீரல் செயல்திறன் சோதனையை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். எஃப்விசி (FVC, ஒரே மூச்சில் வெளியேற்ற முடிகிற காற்றின் அளவு), டிஎல்சிஓ (DLCO, நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) இரண்டும் வேண்டும், ஏனென்றால் இழப்பீட்டு விகிதம் அந்த எண்களில்தான் இருக்கிறது: எஃப்விசி இயல்பாக எதிர்பார்க்கும் அளவில் 65-74 சதவீதம் என்றால் இழப்பீட்டு விகிதம் 30 சதவீதம், 50-64 என்றால் 60, அதற்கும் கீழே போனால் 100.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். தழும்பு திரும்ப மறையாது, ஆனால் அது பரவும் வேகத்தைக் குறைக்க நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன, அவருக்குப் பொருந்துமா என்று நுரையீரல் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். மனு நிரப்ப யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், அங்கீகாரம் பெற்ற முன்னாள் படைவீரர் சேவை அலுவலர்கள் இலவசமாகவே செய்து தருவார்கள்.