விலங்கு என்றால் உயிரை விடும் பிள்ளையை எங்கே கூட்டிப் போவது? கேள்வி பதில்

காரைக்குடியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகள் குடும்பம் சிங்கப்பூரில் இருப்பதால், திருச்சியில் விமானம் ஏறுவதும் பேத்தியோடு அங்கே மண்டாய் விலங்குப் பூங்காக்களில் கால் நோக நடப்பதும் பழகிவிட்டது. விடுமுறைக்குக் கிளம்பும் பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு அம்மா: ஆச்சி, மகளுக்குப் பதினாலு வயது. பாம்பைக் கண்டால்கூடக் கொஞ்சுவாள். ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். யுனிவர்சல் ஸ்டுடியோ ராட்டினப் பூங்காவுக்கு ஒரு நாள், மண்டாய் முழுவதற்கும் ஒரு நாள் என்று ஏஜென்ட் போட்டுத் தந்திருக்கிறார். சரிதானா?

சரியில்லை அம்மா. மாற்றச் சொல்லுங்கள்.

மண்டாய் என்பது ஒரு பூங்கா அல்ல. 1973-ல் திறந்த மிருகக்காட்சிசாலை, 1994-ல் வந்த நைட் சஃபாரி, ஆற்று உயிர்களுக்கான ரிவர் வொண்டர்ஸ், ஜூரோங் பறவைப் பூங்காவை மூடிவிட்டு 2023-ல் இங்கே திறந்த பேர்ட் பாரடைஸ், 2025-ல் வந்த ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏசியா என்று ஐந்து இருக்கின்றன. ஒரே நாளில் ஐந்தையும் பார்த்தால் பிள்ளைக்குக் கால்வலிதான் மிஞ்சும். உங்கள் மகளுக்கு இரண்டு முழு நாளும் ஒரு இரவும் மண்டாய்க்கே கொடுங்கள். ராட்டினம் வேண்டுமா என்று அவளையே கேளுங்கள். வேண்டாம் என்றால் யுனிவர்சல் டிக்கெட் காசு மிச்சம்.

முதல் நாள் மிருகக்காட்சிசாலை. காலை 8.30-க்குக் கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: உச்சி வெயிலில் விலங்கு பார்க்கப் போகாதீர்கள். நம் வீட்டு மாடே பதினொரு மணிக்கு நிழல் தேடிப் படுத்துவிடும், புலி மட்டும் நமக்காக நடக்குமா? அங்கே கம்பிக் கூண்டு அதிகம் கிடையாது. அகழியும் செடியும்தான் தடுப்பு. ஓராங்குட்டான்கள் தலைக்கு மேலே மரத்திலும் கயிற்றிலும் போகும். ஒரு நாள் தூறல் போட்டது. ஜனம் எல்லாம் கூரை தேடி ஓடியது. மேலே ஒரு தாய் ஓராங்குட்டான் நிதானமாக ஒரு கொப்பை ஒடித்து, இலைப் பக்கத்தைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, குட்டியை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்தது. ஓடியிருந்தால் எங்களுக்கும் அது கிடைத்திருக்காது.

வெயில் ஏறியதும் ரிவர் வொண்டர்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். பாண்டாவுக்கு வரிசை நிற்கும், அதையும் பாருங்கள். ஆனால் நேரத்தைக் கொடுக்க வேண்டியது அமேசான் கண்ணாடித் தொட்டிக்கு. அங்கே மானட்டீ இருக்கிறது. நம் மணமேல்குடிப் பக்கக் கடலில் மேயும் கடற்பசுவுக்கு ஒன்றுவிட்ட உறவு. அந்தக் கடற்பசுவுக்காகத்தான் 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். பேத்தி அந்தத் தொட்டி முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மானட்டீ மூச்சு விட மேலே வரும் நேரத்தை எல்லாம் நோட்டில் குறித்தாள். மூன்று நிமிடம், நாலு நிமிடம், மறுபடி மூன்று. முக்கால் மணி நேரம். அவள் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசாமல் இருங்கள் என்று நான்தான் கையைப் பிடித்தேன். இந்த வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பத்து விலங்கைப் பார்ப்பது இல்லை, ஒன்றோடு உட்கார விடுவதுதான்.

இரண்டாம் நாள் காலையில் பேர்ட் பாரடைஸ். வலைக்கூரைக்குள் நாமே நடந்து போகும் பறவைக்கூடங்கள் எட்டு. வாசலில் தரும் வரைபடத்தை அவள் கையில் கொடுத்து, வழி அவளே சொல்லட்டும். காத்திப் ரயில் நிலையத்திலிருந்து மண்டாய்க்கு நேர் பஸ் உண்டு.

தேவகோட்டை, ஒரு அப்பா: நைட் சஃபாரிக்குப் போனால் பிள்ளை தூங்கி விழ மாட்டானா?

மாட்டான். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே கதவு திறக்கும் 7.15 நம் உடம்புக்கு மாலை 4.45 தான். நள்ளிரவில் வெளியே வந்தாலும் நம் கணக்கில் 9.30. ஆனால் இரவு விமானத்தில் தூங்காமல் போய் இறங்கிய அன்றே வைக்காதீர்கள், மறுநாள் வையுங்கள். டிராமில் ஒரு சுற்று, அப்புறம் நடைபாதையில் ஒரு சுற்று. போனில் ஃப்ளாஷ் அணைத்திருக்கிறதா என்று உள்ளே போகும் முன்பே பாருங்கள். அந்தக் கண்கள் இருட்டுக்குப் பழகியவை.

பள்ளத்தூர்: ஒரே நாளில் மிருகக்காட்சிசாலையும் பறவைப் பூங்காவும் முடியுமா?

முடிக்கலாம், பார்க்க முடியாது. மேலே சொல்லியிருக்கிறேன்.

பொன்னமராவதியிலிருந்து ஒரு அக்கா: சிங்கப்பூருக்கு எங்களுக்கு வசதி இல்லை ஆச்சி. மகன் பத்தாவது முடித்திருக்கிறான். சென்னைப் பக்கம் ஏதாவது சொல்லுங்கள்.

வசதியைப் பற்றி மனம் சுருங்க வேண்டாம் ஆத்தா, நல்ல இடங்கள் இங்கேயே உண்டு. இரவு பஸ் ஏறினால் விடியலில் கிளாம்பாக்கம். அங்கிருந்து வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கம்தான், ஆட்டோவில் போய்விடலாம். சென்னையில் 1855-ல் தொடங்கிய மிருகக்காட்சிசாலையை 1985-ல் இங்கே மாற்றினார்கள். 602 ஹெக்டேர். வாடகைச் சைக்கிளை மகனிடம் கொடுங்கள், நீங்கள் பேட்டரி வண்டியில் போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கியது. அங்கே திங்கள் விடுமுறை. சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, நீள்மூக்குக் கரியால் மூன்றையும் அருகருகே பார்த்தால் மூக்கின் நீளமே மீன் தின்னியா, மான் பிடிப்பதா என்று சொல்லிவிடும். அங்கேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பிலிருந்து விஷம் எடுத்துக் காட்டும். விஷமுறிவு மருந்துக்குப் போகிற விஷம் அது. எந்த ராட்டினமும் அதற்கு ஈடாகாது.

தை, மாசியில் போக முடிந்தால் இன்னும் விசேஷம். பங்குனி ஆமை என்று நாம் சொல்லும் ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம் அது. 1988 முதல் மாணவர்கள் அமைப்பு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து முட்டைகளைக் காக்கிறது. வார இறுதியில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

திருப்பத்தூர்: செவ்வாய்க்கிழமை வண்டலூர் போகலாமா?

விடுமுறை.

கோட்டையூர்: சிங்கப்பூர் விசா எத்தனை நாளில் வரும்?

விசாவுக்கு ஏஜென்டைக் கேளுங்கள், அது என் துறை இல்லை. வருகை அட்டை பற்றி மட்டும் சொல்கிறேன்: இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புவது, அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

தேவகோட்டை, பதினைந்து வயது மாணவி: ஆச்சி, எங்கள் வீட்டில் மண்டாய்க்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. மிருகக்காட்சிசாலை ஜெயில்தானே?

உன் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் போல. ஜெயிலாக இருந்தவை நிறைய. இப்போதும் உண்டு. நீ சொல்வதை நான் மறுக்கவில்லை.

அந்த சிங்கப்பூரிலேயே இனுக்கா என்று ஒரு பனிக்கரடி இருந்தது. 1990-ல் அங்கேயே பிறந்தது. வெப்ப நாட்டில் பிறந்த முதல் பனிக்கரடி. பனிநாட்டையே காணாமல் வாழ்ந்து 2018-ல் இறந்தது. இனிமேல் பனிக்கரடி கொண்டுவருவதில்லை என்று அது இருக்கும்போதே பூங்கா முடிவெடுத்திருந்தது. உன்னைப் போலக் கேட்டவர்களால் வந்த முடிவு அது. இன்னொரு பக்கமும் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்ற மான் 1972-ல் காட்டில் அடியோடு அற்றுப் போனது. பூங்காக்களில் இருந்தவற்றைப் பெருக்கி 1982-ல் ஓமன் பாலைவனத்தில் மறுபடி விட்டார்கள். கூண்டு இல்லை என்றால் இன்று அந்த இனமே இல்லை. அதனால் போய்ப் பார்த்துவிட்டுச் சொல். ஒரே பாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா, பொழுதுபோக ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு அடைப்பிலும் குறித்துக்கொள்.

சிறாவயல், ஒரு தம்பி: பனிக்கரடிக்கு இரங்கும் ஆச்சி, நம்ம ஊர் மஞ்சுவிரட்டுக்கு என்ன சொல்வீர்கள்?

அரளிப்பாறை, இன்னொருவர்: அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். எங்கள் காளைக்கு நாங்கள் சாப்பிடும் முன் தீனி வைக்கிறோம்.

இரண்டு பேரும் பொறுங்கள். வீட்டுக் கொட்டிலில் பிறந்து, பேர் சொன்னால் திரும்பும் காளையும், காட்டுத் தாயிடமிருந்து பிரித்த யானைக்குட்டியும் ஒன்றல்ல. அந்த மட்டில் அரளிப்பாறைக்காரர் சொல்வது நியாயம். 2023-ல் உச்ச நீதிமன்றமும் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் வாலைக் கடிப்பதும் கண்ணில் மிளகாய்த்தூள் தூவுவதும் எந்தச் சட்டத்துக்குள்ளும் வராது. தீனி வைத்த கை அதைச் செய்யக்கூடாது.

சிறாவயல் தம்பி: அப்படியானால் யானை சவாரி மட்டும் கூடாதா?

கூடாது. யானையை முதுகில் ஆள் ஏற்றப் பழக்குவது பெரும்பாலும் தீனி வைத்து அல்ல, அடித்துத்தான். விலங்குக்காக விட்டுக்கொடுப்பது எப்படி என்று நம் பக்கத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் பாரேன் தம்பி. வலசைப் பறவைகள் பதறக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் உட்பட. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்கள். யானை சவாரி, பாம்பைக் கழுத்தில் போட்டுப் போட்டோ, குட்டிப் புலியை மடியில் வைத்துப் போட்டோ, இவற்றுக்கு எந்த நாட்டிலும் காசு கொடுக்காதீர்கள். மஞ்சுவிரட்டுப் பேச்சை இதோடு விடுகிறேன்.

குன்றக்குடி: ஆச்சி, நாலு பூங்காவும் ஒரே நாளில்...

இல்லை.

புதுவயல்: மகள் கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள்.

நல்ல ஆசை. ஐந்தரை வருடப் படிப்பு. சேர்க்கை விவரம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வாரம் அரசு கால்நடை மருந்தகத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை மாணவி: சரி ஆச்சி, போகிறேன். என்ன எடுத்துப் போகணும்?

நல்ல பிள்ளை. கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு. மழையில் பேனா மை கரைந்துவிடும். குடை, மாற்றுக் காலுறை. வீட்டில் தொலைநோக்கி இருந்தால் அது. உங்கள் ஐயா காலத்தில் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டையும், 1859-ல் முதலில் எழுப்பிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலையும் பெரியவர்கள் பார்க்கட்டும். அந்தக் காலையில் நீ அப்பாவோடு மறுபடி மண்டாய்க்குப் போ. திரும்பி வந்ததும் நோட்டை எனக்குக் காட்டு.